பி.எஸ்சி. கணிதம்: வரவு, செலவு, காத்திருப்பு

ப்ளஸ் டூ முடிவு வந்துவிட்டால் அஸ்தினாபுரம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் எங்கே திரும்பினாலும் ஒரே பேச்சுதான். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு. நான் பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் துறையில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் என்னிடமும் கேட்பார்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸா, ஏ.ஐ.யா என்பதுதான் கேள்வி. அபூர்வமாக ஒருவர், "பி.எஸ்சி. மேத்ஸ் எடுத்தா என்ன சார் வரும்?" என்று கேட்பார்.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டு ரெடிமேட் பதில்கள் உண்டு. முதலாவது: "வாத்தியார் வேலைதான், அதுவும் இப்போ கிடைக்கிறதில்லை." இரண்டாவது: "ராமானுஜன் பிறந்த மண்ணில் கணிதத்தைக் காசை வைத்து அளக்கலாமா?" முதல் பதிலைச் சொல்பவர் அனுபவசாலி மாதிரித் தெரிவார், இரண்டாவதைச் சொல்பவர் லட்சியவாதி மாதிரித் தெரிவார். கணக்கைப் பற்றிய கேள்விக்கு இரண்டு பேருமே கணக்குப் போடாமல்தான் பதில் சொல்கிறார்கள்.

இவை தவிர மூன்றாவதாக, அரசே வெளியிடும் எண்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. எண்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். உணர்ச்சிக்குக் கடைசியில் வருவோம்.

ஒரு அட்டவணை, மூன்று ஓட்டைகள்

என்.ஐ.ஆர்.எஃப். எனப்படும் தேசியத் தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. அதில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் தரவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். அந்தப் பி.டி.எஃப்.களைத் திறந்தால் ஒரு பட்டியல் இருக்கும்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள். இடைநிலை என்றால், எல்லாச் சம்பளத்தையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நட்டநடுவில் நிற்கும் எண். சராசரியை விட நேர்மையான அளவுகோல்தான். நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் கணிதப் பட்டத்தை எடைபோட இந்தத் தராசு உதவாது. காரணங்கள் மூன்று.

ஒன்று, தரவு பாடவாரியாக இல்லை. "மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள்" என்று ஒரே வரியில் பி.காம்., பி.சி.ஏ., தமிழ், விலங்கியல், கணிதம் எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு கல்லூரியின் இடைநிலைச் சம்பளம் உயர்ந்தால் அது கணிதத் துறையால் உயர்ந்ததா, வணிகவியலால் உயர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு, அந்தச் சம்பளம் வேலை கிடைத்தவர்களுடையது மட்டும். ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம் (இது உதாரணம்தான், எந்தக் கல்லூரியின் எண்ணும் அல்ல). 10 பேருக்கு வேலை, 35 பேர் மேல்படிப்பு, 15 பேர் வீட்டில். அட்டவணையில் தெரியும் சம்பளம் அந்த 10 பேருக்கு நடுவில் நிற்பவருடையது. மேல்படிப்புக்குப் போன 35 பேர் வெறும் தலைக்கணக்காக ஒரு கட்டத்தில் நிற்கிறார்கள். மிச்சம் 15 பேருக்குக் கட்டமே கிடையாது, நாமே கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. அட்டவணை, படிப்பு முடிந்த தருணத்தில் எடுத்த ஒரு ஃபோட்டோ. பொறியியல் பட்டத்தை அந்தத் தருணத்தில் படம் பிடித்தால் ஓரளவு முகம் தெரியும். கணிதப் பட்டம் அப்போது பாதி வழியில்தான் நிற்கிறது. எம்.எஸ்சி., பி.எட்., எம்.சி.ஏ., போட்டித் தேர்வு என்று இன்னொரு படியைத் தாண்டிய பிறகுதான் அதன் வருமானம் ஆரம்பிக்கும்.

பிரிட்டனில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். பட்டதாரிகளின் கல்விப் பதிவையும் வருமான வரிப் பதிவையும் இணைத்து, படித்து முடித்து ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் கழித்து எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பாடவாரியாக, பல்கலைக்கழகவாரியாக அரசே வெளியிடுகிறது. அந்தத் தரவை வைத்து லண்டனின் நிதி ஆய்வுக் கழகம் 2018-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. சேரும்போதே யார் நல்ல மதிப்பெண்ணோடு வந்தார்கள், யார் எந்த மாதிரிக் குடும்பத்திலிருந்து வந்தார்கள் என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அதிகப் பலன் தரும் படிப்புகளின் வரிசையில் மருத்துவம், பொருளாதாரம் இவற்றோடு கணிதமும் இருந்தது.

"பார்த்தீங்களா, கணிதம்தான் டாப்" என்று இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யக் கூடாது. அங்கே வங்கியும் இன்சூரன்ஸ் நிறுவனமும் கணிதப் பட்டதாரியை நேரடியாக வேலைக்கு எடுக்கின்றன. இங்கே சல்லடை வேறு. தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. அதில் 100 கணிதத்துக்கு, 50 இயற்பியலுக்கு, 50 வேதியியலுக்கு. அதாவது ப்ளஸ் டூ கணிதத்தில் சதம் அடித்தால் கிடைக்கும் பரிசு, கணிதம் படிக்காமல் இருக்கும் உரிமை! இந்தச் சல்லடையில் தங்காமல் கீழே வந்தவர்களையும், விரும்பித் தானே இறங்கிய சிலரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து "பி.எஸ்சி. மேத்ஸுக்கு மதிப்பில்லை" என்கிறோம். பாடத்தின் மதிப்பையும், அந்தப் பாடத்துக்கு யார் அனுப்பப்படுகிறார்கள் என்பதையும் இப்படிப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

சரி, கணக்கைப் போடுவோம்

செலவுப் பக்கம் எளிது. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு தனியார் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு வருடம் 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 என்று நிர்ணயித்தது. பஸ், புத்தகம், தேர்வு எல்லாம் சேர்த்து வருடம் ஒரு லட்சம் என்று வைக்கிறேன். நான்கு வருடத்துக்கு 4 லட்சம்.

கணிதத்துக்கு எங்கள் பக்கம் அதிகம் அலைய வேண்டியதில்லை. குரோம்பேட்டையில் எஸ்.டி.என்.பி. வைஷ்ணவ் மகளிர் கல்லூரி, தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி, பெரும்பாக்கத்தில் அரசுக் கலைக் கல்லூரி. அரசுக் கல்லூரியிலோ, உதவிபெறும் பிரிவிலோ இடம் கிடைத்தால் எல்லாம் சேர்த்து வருடம் 20,000-க்குள் முடிக்கலாம் என்பது என் அனுமானம். மூன்று வருடத்துக்கு 60,000. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் என்றால் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன் என்றால் 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. மூன்று வருடத்தில் 36,000. ஆக, கையிலிருந்து போவது இன்னும் குறையும். கணக்கு சுலபமாக இருக்க, இந்த உதவித்தொகைகளைக் கீழே சேர்க்கவில்லை.

வரவுக்கு என் அனுமானங்கள் இவை. பி.இ. முடித்தவர் மாதம் 25,000-இல் தொடங்குகிறார். பி.எஸ்சி.யோடு நிறுத்தியவர் 15,000-இல் தொடங்குகிறார். இருவருக்கும் வருடம் 10 சதவீத உயர்வு. வட்டி, விலைவாசி எதையும் சேர்க்கவில்லை. ப்ளஸ் டூ முடிந்து ஏழாவது வருட இறுதியில், அதாவது சுமார் 25 வயதில், யார் கையில் என்ன நிற்கிறது?

பி.இ.: மூன்று வருடச் சம்பளம் 9.9 லட்சம், செலவு 4 லட்சம். நிகரம் 5.9 லட்சம்.

பி.எஸ்சி. மட்டும்: நான்கு வருடச் சம்பளம் 8.4 லட்சம் சுமார், செலவு 0.6 லட்சம். நிகரம் 7.8 லட்சம் சுமார்.

பி.எஸ்சி. + எம்.எஸ்சி. + பி.எட்.: சம்பளம் பூஜ்யம். செலவு, மேல்படிப்பு நான்கு வருடத்துக்கு 1.6 லட்சம் சேர்த்து, 2.2 லட்சம். நிகரம் மைனஸ் 2.2 லட்சம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியது. 25 வயதில் முன்னால் நிற்பவர் பி.இ. அல்ல, வெறும் பி.எஸ்சி. குறைந்த செலவும், ஒரு வருடம் முன்பே வேலைக்குப் போனதும் அவரை முன்னே நிறுத்தியிருக்கின்றன. ஒன்பதாவது வருடத்தில்தான் பி.இ. அவரைத் தாண்டுகிறார், அதன்பின் இடைவெளி அகன்றுகொண்டே போகும். ஆக "உடனே சம்பாதிக்க வேண்டும், அதனால் இன்ஜினியரிங்" என்று சொல்லும் குடும்பங்கள் தங்கள் சொந்தக் காரணத்துக்கே எதிராகத் தேர்வு செய்கிறார்கள். உடனடிப் பணம்தான் முக்கியம் என்றால் மலிவான பட்டமே மேல்.

இரண்டாவது, மேல்படிப்பு வரை போனவர் அந்த வயதில் பி.இ.யை விட 8 லட்சம் பின்னால் நிற்கிறார். பார்க்கவே பயமாகத்தான் இருக்கும். ஆனால் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகச் சேர்ந்தால் அடிப்படை ஊதியம் 36,900-இல் தொடங்குகிறது. அகவிலைப்படி சேர்த்தால் மாதம் 55,000-ஐத் தாண்டும். பி.இ. படித்தவரின் எட்டாம் வருடச் சம்பளம், மேலே உள்ள அனுமானத்தில், மாதம் 33,000 சுமார். மூன்றே வருடத்தில் அந்த 8 லட்சம் பள்ளம் மூடிவிடும். ஆக "வாத்தியார் வேலைதான்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர், அந்த வேலையின் சம்பளச் சீட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் அவர் சொல்வதில் பின்பாதி, "அதுவும் கிடைக்கிறதில்லை" என்பது, பலமான பாயிண்ட். முழு விவகாரமும் அங்கேதான் இருக்கிறது.

காத்திருப்பின் விலை

பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு பி.எட். போதாது. கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு டெட் தேர்வு வந்தது, தமிழ்நாட்டில் முதல் முறை 2012-இல் நடந்தது. 2018-இல் அரசாணை 149 வந்தது. டெட் தேர்ச்சி பெற்றாலும் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. 2013-இல் டெட் தேறியவர்கள் வேலை கேட்டு வருடக்கணக்கில் போராடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். முதுகலை ஆசிரியருக்குத் தனியாக ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு. அந்த அறிவிப்பும் வரும்போதுதான் வரும்.

நடுவில் என்ன செய்வார்கள்? தனியார் பள்ளியிலோ டியூஷன் சென்டரிலோ வேலை. மாதம் 15,000 என்று வைத்து, ஐந்து வருடம் இப்படிப் போகிறது என்று கொள்வோம். அதே ஐந்து வருடத்தில் நம் பி.இ.காரர் சுமார் 24 லட்சம் சம்பாதித்திருப்பார். இவர் 9 லட்சம். வித்தியாசம் 15 லட்சம். ஏற்கெனவே இருந்த 8 லட்சம் பள்ளத்தோடு சேர்த்தால் 23 லட்சம். ஆக, கணிதப் பட்டத்தின் பெரிய செலவு கல்லூரிக் கட்டணம் இல்லை. கட்டணம் 60,000, காத்திருப்பு 15 லட்சம். இந்தச் செலவுக்கு ரசீது கிடையாது, கல்விக் கடன் கிடையாது, எந்த அட்டவணையிலும் கட்டமும் கிடையாது.

பங்குச் சந்தைக்காரர்கள் பாஷையில் சொன்னால் பி.எஸ்சி. கணிதம் ஒரு 'ஆப்ஷன்'. சின்னத் தொகை கொடுத்து, பின்னால் ஒரு கதவைத் திறக்கும் உரிமையை வாங்குகிறோம். பி.எட்., எம்.சி.ஏ., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., ஆக்சுவரி, ஆராய்ச்சி, ஏன் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை கூட அதில் ஒரு கதவுதான். கதவுகள் நிறைய. ஆனால் ஆப்ஷனைப் பயன்படுத்தாமல் விட்டால் கொடுத்த காசு போச்சு. பயன்படுத்த வேண்டுமானால் கதவு திறக்கும்வரை வாசலில் நிற்கத் தெம்பு வேண்டும்.

எங்கள் தெருவில் டூவீலர் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் பெண்ணுக்கு கட்-ஆஃப் 171. கணக்கில் ஆர்வம், மார்க்கும் நல்லாவே இருக்கு. தம்பி ஒன்பதாவது. "சார், இவ மேத்ஸ்தான் படிப்பேன்னு அடம் புடிக்கிறா. படிச்சா நஷ்டமா லாபமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். அந்த ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டி ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தப் பொண்ணு சம்பளம் இல்லாம எத்தனை வருஷம் வீடு தாங்கும்ணே?" அவர் யோசித்தார். அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "தம்பி காலேஜ் சேர்ற வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் முடியாது."

அதாவது நான்கு வருடம். இது மிகவும் துல்லியமான பதில், எந்த இணையக் கால்குலேட்டரும் கேட்காத எண். நான்கு வருடம் என்றால் பி.எஸ்சி. முடித்து, ஒரு வருடம் தேர்வுக்குத் தயாராகலாம். எம்.எஸ்சி., பி.எட். வரை முழுநேரமாகப் போக முடியாது. அப்படியானால் மூன்றாம் வருடத்திலேயே சம்பளத்தோடு படிக்கும் வழிகளைப் பார்க்க வேண்டும். விப்ரோவின் டபிள்யூ.ஐ.எல்.பி. மாதிரி, பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவரை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, கூடவே நிறுவனச் செலவில் எம்.டெக். படிக்கவைக்கும் திட்டங்கள் இருக்கின்றன. முதல் வருடம் மாதம் 15,000 அளவில்தான், சில வருட ஒப்பந்தமும் உண்டு. ஆனால் காத்திருப்புச் செலவு பூஜ்யம். அதே பெண், இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் பிறந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அவளும் கணிதமும் மாறவில்லை, வீட்டின் பொறுமைக்காலம் மாறுகிறது, அதனால் பட்டத்தின் விலை மாறுகிறது.

குரோம்பேட்டையில் ஒரு பழைய கதவு

பி.எஸ்சி. என்பது நடுவழி நிறுத்தம் என்பது புதிதல்ல. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் எம்.ஐ.டி.யை சி. ராஜம் 1949-இல் தொடங்கியபோது அங்கே சேர பி.எஸ்சி. பட்டம் வேண்டும். அதற்கு மேல் மூன்று வருடப் பொறியியல். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் முடித்துத்தான் இங்கே விமானப் பொறியியலுக்கு வந்தார். எழுத்தாளர் சுஜாதாவும் அதே கல்லூரி பி.எஸ்சி., அதே எம்.ஐ.டி. சேர்க்கைக்கு அன்று சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது, கலாமின் அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார் என்பது அவர் சுயசரிதையில் உள்ள செய்தி.

இந்தக் கதையை நாம் தியாகக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கணக்காகவும் படிக்கலாம். பி.எஸ்சி. என்ற ஆப்ஷன் கலாம் கையில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் கட்டணத்தை இன்னொருவர் கொடுத்தார். அடகு வைக்க வளையல் இல்லாத வீட்டுப் பையனுக்கு அதே பி.எஸ்சி. அங்கேயே முடிந்திருக்கும். பிற்பாடு எம்.ஐ.டி.யும் மற்ற கல்லூரிகள் மாதிரி ப்ளஸ் டூ மாணவருக்கான நான்காண்டுப் படிப்புக்கு மாறியது. பி.எஸ்சி.யின் மிகப் பெரிய கதவு ஒன்று அத்தோடு சாத்தப்பட்டது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் தொழிற்படிப்புகளுக்குத்தான் கிடைக்கிறது, கணிதத்துக்கு இல்லை. "மேத்ஸுக்கு மவுசு குறைஞ்சுபோச்சு" என்று புலம்புகிறவர்கள், மவுசைத் தீர்மானிக்கும் இந்த மாதிரி முடிவுகளைக் கவனிப்பதில்லை.

சிறுசேரியில் ஒரு எதிர் உதாரணம்

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம், சி.எம்.ஐ. 1989-இல் சி.எஸ். சேஷாத்ரி தொடங்கியது. 1998-இல் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆரம்பித்தார்கள். 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வரும்வரை அவர்களால் தாங்களே பட்டம் கொடுக்க முடியாது. போபாலில் உள்ள போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான் மாணவர்களுக்குக் கிடைத்தது.

நம் ஊர் அளவுகோலில் இது தற்கொலை. வெளி மாநிலத் திறந்தநிலைச் சான்றிதழ்! ஆனால் அந்த மாணவர்கள் உலகின் நல்ல பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்குப் போனார்கள். பாரிஸின் புகழ்பெற்ற எகோல் நார்மல் சுப்பீரியரோடு மாணவர் பரிமாற்றமே நடந்தது.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், படிப்பு என்பது வேலை கொடுப்பவருக்கு நாம் காட்டும் ஒரு சமிக்ஞை என்றார். 2001-இல் நோபல் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். சி.எம்.ஐ. கதை அதற்கு ஒரு அடிக்குறிப்பு போடுகிறது. சமிக்ஞை தாளில் இருக்க வேண்டிய அவசியமில்லை, யார் நுழைவுத் தேர்வு வைத்தார்கள், யார் பாடம் எடுத்தார்கள், யார் பரிந்துரைக் கடிதம் எழுதினார்கள் என்பதிலும் இருக்கலாம்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்குக் காத்திருப்புச் செலவும் குறைவு. ப்ளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்தில் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவருக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடம் 80,000 வரை உண்டு. எம்.எஸ்சி. முடித்து ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. நம் அனுமானத்து பி.இ. பட்டதாரியின் ஆரம்பச் சம்பளத்தை விட இது 12,000 அதிகம். "ஆராய்ச்சி பண்ணினா பட்டினி" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் இந்த வாசல் மிகக் குறுகியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தரகர்கள் மாதிரி உச்சியை மட்டும் காட்டி விற்கக் கூடாது.

ராமானுஜனும் ரூபாயும்

இப்போது அந்த லட்சியப் பதிலுக்கு வருவோம். கணிதத்தைக் காசால் அளக்கக் கூடாது என்பவர்கள் துணைக்கு அழைப்பது ராமானுஜனை. ஆனால் அவருடைய வாழ்க்கையை வரவு செலவாக எழுதிப் பார்த்தால் வேறு படம் வருகிறது.

கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகை போனது. பட்டம் கிடையாது. நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் 75. பிறகு இங்கிலாந்து செல்ல வருடம் 250 பவுண்டு, அதில் 50 பவுண்டு குடும்பத்துக்கு. ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதத்திலேயே, தான் அரைப் பட்டினி என்றும், மூளையைக் காப்பாற்றச் சாப்பாடு வேண்டும் என்றும், ஹார்டியின் ஆதரவான கடிதம் உதவித்தொகை வாங்க உதவும் என்றும் வெளிப்படையாகவே எழுதினார். காசைப் பற்றிப் பேசுவதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. நமக்குத்தான் அவர் சார்பாகக் கூச்சம்.

அவரைத் தாங்கியவர்களையும் பாருங்கள். ராமச்சந்திர ராவ் கலெக்டர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி அய்யர் டெபுடி கலெக்டர். துறைமுகத்தில் அவரைக் கவனித்துக்கொண்ட எஸ். நாராயண அய்யர் முன்பு கணித ஆசிரியர், பிறகு அலுவலக மேலாளர். கணிதம் படித்து, வருமானத்துக்கு வேறு கதவு வழியாகப் போய், கணிதத்தைக் கைவிடாதவர்கள். அன்றும் கணிதப் பட்டம் நேரடியாகச் சோறு போடவில்லை, இன்னொரு வேலை வழியாகத்தான் போட்டது. அந்த வேலைகளில் இருந்தவர்கள் கொடுத்த 25 ரூபாயும் 30 ரூபாயும் ராமானுஜனுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தன.

ராமானுஜனின் மேதைமை விதிவிலக்கு. அவருடைய பணப் பிரச்சினை விதிவிலக்கே அல்ல, பெண்ணைப் பெற்ற எங்கள் தெரு மெக்கானிக்கின் பிரச்சினைதான் அது: வருமானம் வரும்வரை யார் தாங்குவது? ராமானுஜன் பெயரைச் சொல்லி இந்தக் கேள்வியை மூடுகிறவர்கள் அவருடைய கடிதங்களைப் படிக்காதவர்கள்.

வேறு மாதிரி ஏடு

என் தீர்ப்பை இப்படிச் சுருக்கலாம். கணிதப் பட்டம் மலிவானது, மோசமான முதலீடும் அல்ல. ஆனால் அதன் லாபம் படிக்கிறவரின் திறமையைப் போலவே வீட்டின் காத்திருக்கும் சக்தியையும் பொறுத்தது. நம்மிடம் உள்ள எல்லா அளவுகோல்களும் இந்த இரண்டாவதை மறைக்கின்றன.

இதைச் சரிசெய்ய பெரிய திட்டம் தேவையில்லை. ஒவ்வொரு கணிதத் துறையும் ஐந்து வருடத்துக்கு முன் முடித்த ஒரு வகுப்பை எடுத்து மூன்று எண் வெளியிட்டால் போதும். எத்தனை பேர் இப்போது நிரந்தர வருமானத்தில் இருக்கிறார்கள், அந்த இடத்துக்கு வர அவர்களுக்கு எத்தனை வருடம் பிடித்தது, நடுவில் எத்தனை பேர் விலகினார்கள். அறுபது பேர் கொண்ட வகுப்புக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கும், ஒரு வாரத்து வேலை. பாடம் புள்ளியியல், ஆசிரியர்களும் அங்கேயே இருக்கிறார்கள். மாணவர்களுக்கே ப்ராஜெக்டாகக் கொடுக்கலாம்.

அரசுக்கும் ஒன்று. கட்டணத்தைக் குறைக்கும் உதவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கணிதம் படித்தவர்களைக் கொல்வது பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் உள்ள அந்த வருடங்கள். ஆசிரியர் தேர்வு எப்போது, எத்தனை இடம் என்று ஒரு நாள்காட்டியை வெளியிட்டு, அதைத் தவறாமல் கடைப்பிடித்தாலே பல வீடுகளில் இருந்து சில லட்சம் மிச்சமாகும். செலவே இல்லாத உதவித்தொகை அது.

1919 ஜனவரியில், உடல்நிலை சரியில்லாத நிலையில், ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் அவருக்கு வருடம் 250 பவுண்டு ஒதுக்கியிருந்தது. அந்தத் தொகை தனக்கு அதிகம் என்றார் அவர். தன் செலவும், பெற்றோருக்கான 50 பவுண்டும் போக மிஞ்சுவதை ஏழை மாணவர்களின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தச் சொன்னார். முதலில் தன் தேவை, அடுத்து வீடு, பிறகு மிச்சம் யாருக்கு என்று வரிசையாக எழுதப்பட்ட சுத்தமான வரவு செலவுக் கணக்கு அது. கணிதம் படிக்க நினைக்கும் பிள்ளையின் வீட்டில் இப்படி ஒரு தாள் எழுதுங்கள். மாதம் எவ்வளவு வேண்டும், எத்தனை வருடம் தாங்கும், அதற்குள் எந்தக் கதவு திறக்கும் என்று. எழுதிய பிறகு மனசு கணிதத்தின் பக்கம் சாய்ந்தால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.